ஏழு ஜாடிகளும் நம்பரக்காவின் பத்து நிமிடமும்

மாநாட்டிலிருந்து கடிதம் வந்த அன்று நம்பரக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பக்கக் கடிதம்தான். அதைச் சேமிப்பறையில் நின்றபடி ஒரு தடவை, மாடிப்படியில் ஒரு தடவை, வாசல் காவலருக்குச் சத்தமாக ஒரு தடவை, அப்புறம் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கே தனக்காக ஒரு தடவை படித்தாள். வரலாற்று அருங்காட்சியகங்களில் வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில், இரண்டாம் நாள் காலை பதினொன்றரைக்கு, அவள் பேசுவதற்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

பத்து நிமிடத்துக்கா இந்த ஆட்டம் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவர்களுக்கு அந்த மாநாட்டைப் பற்றி என்ன தெரியும்? வருடம் முழுக்கச் செத்துப்போனவர்களின் மூக்குக்கண்ணாடிக்கும் பூட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற வேலை இது. கரையானைப் பற்றியும் ஈரப்பதத்தைப் பற்றியும் வீட்டில் பேச ஆரம்பித்தால் ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். அந்த மூன்று நாள் மட்டும்தான், "எங்க சேமிப்பறையில ஒழுகுது" என்று ஒருத்தர் சொன்னால் முந்நூறு பேர் "ஐயோ" என்று சொல்லுகிற இடம். காப்பாட்சியர் ஒவ்வொரு வருடமும் போய்விட்டு வந்து ஒரு வாரம் கதை சொல்லுவார். சாப்பாட்டு வரிசையில் எந்தப் பசை நல்லது என்று இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டதை நம்பரக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறாள். அவருக்கான படங்களை எடுத்துக் கொடுத்தது, தேதி பார்த்துச் சொன்னது, கோப்பைக் கட்டிப் பையில் வைத்தது எல்லாம் அவள்தான். ரயில் ஏறியது மட்டும் எப்போதும் அவர்.

இந்த வருடம் அந்த மனிதரே சொன்னார். "ஒருத்தருக்குத்தான் செலவு குடுப்பாங்க. வருஷா வருஷம் நானே போறேன், அதே ஆளுங்க, அதே சாப்பாடு. நீங்க போங்க." அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. எதைக் கேட்டாலும் "மெதுவா பாத்துக்கலாம்" என்பது ஒன்றுதான் அவரிடம் குறை. ஒழுகும் கூரையும் மெதுவா, உடைந்த ஜன்னலும் மெதுவா. அதனால் அவருக்கு மெதுவா சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நம்பரக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அருங்காட்சியகத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும் அதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறவளும் அவள், பொருளின் மேல் எழுதுகிறவளும் அவள். பார்க்கிறவர் கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, நிறமில்லாத வார்னிஷை ஒரு பூச்சு பூசி, காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் அரிசியை விடச் சிறிய எண்களை எழுதி, அதன் மேல் இன்னொரு பூச்சு. நாளைக்கு அழிக்க வேண்டுமென்றால் பொருளுக்குச் சேதமில்லாமல் அழிக்கலாம். எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். இருபத்து மூன்று வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பொருள்களுக்கு இப்படி மூச்சடக்கியிருக்கிறாள். அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், வாய் சும்மா இருக்காது. "என் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க, அங்கேயும் ஒரு நம்பர் இருக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவள் பேசப் போவதும் இதைப் பற்றித்தான். கல்லூரியில் படிக்கும் மகள் தலைப்பு வைத்துக் கொடுத்தாள்: 'இருபத்து மூன்று ஆண்டுகள்: ஓர் எண்ணும் தவறவில்லை.'

"கொஞ்சம் ஓவரா இல்லையாடி?" என்றாள் நம்பரக்கா.

"ஓவரா இருந்தாத்தாம்மா கூட்டம் வரும். உண்மைதானே?"

உண்மைதான். அதை மறுக்க அவளுக்கு மனசும் வரவில்லை. தலைப்பு அப்படியே போயிற்று, அப்படியே அச்சாகி நிகழ்ச்சி நிரலிலும் வந்தது. நிரலின் அந்தப் பக்கத்தைக் காவலர் நகல் எடுத்து டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிய கையோடு, "அங்க போனா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்கக்கா. மத்த மியூசியத்துல காவலருக்கு நாற்காலி குடுக்கறாங்களா இல்லையா?" என்றார். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு மாநாட்டில் கொடுக்கும் துணிப்பை வேண்டும். மெதுவா சாருக்குப் பூச்சி நிபுணரின் தொலைபேசி எண் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டாள். வேறு எப்படி எழுதுவாள்?

வீட்டில் நடந்த கூத்து தனி. புதுச் செருப்பு கடிக்கக் கூடாதென்று சமையலறையில் அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள். மாநாட்டுக்குப் பதினாறு நாள் இருக்கும்போதே பெட்டியைக் கட்டினாள். அப்புறம் உள்ளே வைத்த சீப்பு வேண்டுமென்று தினமும் காலையில் அவிழ்த்தாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒத்திகை. லிஃப்ட் மெக்கானிக் கைபேசியில் நேரம் பார்ப்பார். முதல் நாள் இருபத்தேழு நிமிடம் ஆயிற்று.

"பத்தாவது மாடிக்குப் போக வேண்டிய லிஃப்டு. நீ மூணாவது மாடியிலயே நின்னு வார்னிஷ் காயற வரைக்கும் வேடிக்கை பாக்கற" என்றார்.

"வார்னிஷ்தாங்க முக்கியம்."

"முக்கியம்தான். ஆனா உள்ள மாட்டிக்கிட்டவன் என்ன பாவம் பண்ணினான்?"

அவள் கரண்டியை ஓங்கினாள். ஆனாலும் மறுநாள் வார்னிஷைக் குறைத்தாள். பத்தொன்பது, பதினாலு, பதினொன்றரை என்று இறங்கி, ஒருநாள் ஒன்பது நிமிடம் ஐம்பது நொடியில் முடித்தபோது வீடே கைதட்டியது. மேல்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் ஆப்பு வைத்தது அவள் எடுத்த படம்தான்.

ரயிலுக்கு ஆறு நாள் இருந்தது. பேச்சின் முதல் படமாக, தான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எண் எழுதிய பொருளையே காட்டலாம் என்று ஆசைப்பட்டாள். ஊரில் முன்பு இருந்த பழைய மருந்துக்கடையின் ஏழு வெள்ளைப் பீங்கான் ஜாடிகள் அவை. கடையை மூடியபோது கடைக்காரரின் மகள் கொண்டுவந்து கொடுத்தது. பார்வைக்கு எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். ஏழையும் சேமிப்பறை மேசையில் வைத்து, மூடிகளைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் இருக்கும் எண்கள் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்தாள். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் இளம் வயதுக் கையெழுத்தைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த வெட்டுகள் கண்ணில் பட்டன. ஜாடியின் அடிவிளிம்பில், பளபளப்புப் பூச்சு இல்லாத வளையத்தில், நகக்கீறல் போல நாலு வெட்டு. பதிவேட்டைப் புரட்டினாள். 'அடிவிளிம்பில் சிறு சேதம்' என்று அவளே எழுதியிருந்தாள். அடுத்த ஜாடியிலும் 'சிறு சேதம்.' ஏழிலும் 'சிறு சேதம்.' மூடிகளிலும் அதேதான். ஆனால் திரையில் பெரிதாகப் பார்க்கும்போது அந்த நாலு வெட்டும் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. எந்தச் சேதமாவது இப்படி அளவெடுத்துக்கொண்டு வருமா?

எண்ணிப் பார்த்தாள். ஒரு ஜாடியில் ஒரு வெட்டு, இன்னொன்றில் இரண்டு, இப்படியே ஏழு வரைக்கும். மூடிகளின் உள்விளிம்பிலும் ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும். ஆனால் நாலு வெட்டுள்ள ஜாடிக்கு அவள் எண் கொடுத்து ஜோடி சேர்த்திருந்த மூடியில் இரண்டே வெட்டு. நாலு வெட்டுள்ள மூடியை எடுத்து நாலு வெட்டுள்ள ஜாடியில் வைத்தாள். இருபத்து மூன்று வருடமாக மூடி லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்த ஜாடி, இந்த மூடியை அப்படியே வாங்கிக்கொண்டது. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை.

ஒவ்வொன்றாக மாற்றினாள். ஏழும் கச்சிதமாக உட்கார்ந்தன.

எங்கே தவறியது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதுசு, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற துடிப்பு. வந்த பொருளை வந்தபடியே எண் போடாமல், மூடிகளை எல்லாம் கழற்றிக் கழுவிக் காயப்போட்டிருந்தாள். காய்ந்த பிறகு கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த ஜாடியில் வைத்து எண் எழுதிவிட்டாள். முதலில் எண், பிறகுதான் தண்ணீர். இந்தப் பாடத்தைத்தான் அவள் மேடையேறி முந்நூறு பேருக்குச் சொல்வதாக இருந்தாள்! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனை இருபத்து மூன்று வருடமாக நிமிர்ந்து நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அதோடு போயிருந்தால் அழித்து எழுதிவிட்டுப் போகலாம். போகவில்லை. கீழே இரண்டாம் அறையில், அந்த ஜாடிகள் வழக்கமாக இருக்கும் காட்சிப் பெட்டியின் மேல் ஒரு பலகை உண்டு. மெதுவா சாருக்கு முன்னால் இருந்த காப்பாட்சியர் எழுதியது. 'மூடிகள் சரியாகப் பொருந்தாத இந்த ஜாடிகள், கடைக்காரர் கழித்துப் போட்ட சரக்கை மலிவாக வாங்கிப் பயன்படுத்தியதைக் காட்டுகின்றன.' பள்ளிப் பிள்ளைகள் வந்தால் வழிகாட்டி மூடியை ஆட்டிக் காட்டுவார், பிள்ளைகள் "கஞ்சன், கஞ்சன்" என்று சிரிக்கும். அந்த அறைக்கே கஞ்சன் அறை என்று பெயர் விழுந்துவிட்டது.

ஜாடிகளைக் கொடுத்த மகள், பலகை வைத்த கொஞ்ச நாளில் வந்து நின்றாள். இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருந்தவள், நல்ல வாய்த்துடுக்கு. "எங்க அப்பா கடையில ஒரு மூடி ஆடாது. யாரு எழுதினது இதை?" என்று கேட்டாள். அப்போது பதிவேட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் விரித்து, 'மூடி ஆடுகிறது' என்ற வரியில் விரல் வைத்துக் காட்டியது யார்? சாட்சாத் நம்பரக்காதான். "நம்ம ஞாபகம் மாறிடும்மா, பதிவேடு மாறாது" என்று வேறு சொன்னாள். தையல்காரம்மா விறுவிறுவென்று வெளியே போனாள். அதன் பிறகு அந்தக் கட்டடத்தின் படியை மிதிக்கவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதெல்லாம் நம்பரக்காவுக்கு நினைவு வந்தது. மேசை மேல் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவா சாரிடம் போனாள்.

அவர் ஏழு மூடிகளையும் தானே வைத்துப் பார்த்தார். "அட" என்றார். "அடடா" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "சரி, பலகையை எடுத்துடலாம். ஆனா இப்பவே எதுக்கு? நீங்க போய் உங்க பேச்சைப் பேசிட்டு வாங்க. ஜாடிப் படம் வேணாம், வேற ஏதாவது படம் போடுங்க. திரும்பி வந்ததும் மெதுவா பாத்துக்கலாம்."

"தலைப்பே 'ஓர் எண்ணும் தவறவில்லை'ன்னு இருக்கே சார்."

"நாலாயிரத்துல ஏழு. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் பெரிய கஷ்டம். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த பத்து நிமிடம். புதுச் செருப்பு இப்போதுதான் காலுக்குப் பழகியிருக்கிறது. வாயைத் திறக்காமல் போய், கைதட்டு வாங்கிக்கொண்டு, துணிப்பையோடு திரும்பலாம். அந்த மத்தியானம் முழுக்க அவள் அப்படித்தான் செய்யப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற தெருவில் போகாமல் அவளுடைய கால் தையல்கடைப் பக்கம் திரும்பியது.

தையல்காரம்மா எந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தைக்கக் குடுக்க வந்தியா, இல்ல பதிவேடு காட்ட வந்தியா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா."

எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"மூடியெல்லாம் மாறிப்போச்சு. மாத்தினது நான்தான். நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி."

எந்திரம் நின்றது. அந்த அம்மா ஊசியிலிருந்து துணியை எடுத்து, நூலைக் கடித்து அறுத்து, மடித்து வைத்தாள். அறுபத்தாறு வயதுக்கு விசுக்கென்று எழுந்தாள். "வா" என்றாள். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள், நம்பரக்கா பின்னால் ஓடினாள்.

சேமிப்பறையில் தையல்காரம்மா யாரையும் கேட்கவில்லை. ஏழு மூடிகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடியைத் திருப்பி விரலால் தடவியே எது எதற்கு என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாக வைத்தாள். கண்ணால் பார்க்கவே இல்லை. "இந்த வெட்டெல்லாம் அப்பா அரம் வச்சு ராவினது. ஒரு மருந்தோட தூள் இன்னொண்ணுல விழக்கூடாதுன்னு. விளக்கு இல்லாத நேரத்துலயும் தப்பாம எடுக்கணும்னு எனக்கும் பழக்கி வச்சிருந்தாரு." கடைசி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"சரி, பலகையை எடுத்துடுவீங்க. அதைப் படிச்சுட்டுக் கஞ்சன்னு சிரிச்சுட்டுப் போனவங்களை எங்க போய்த் தேடுவ?"

யோசிப்பதற்குள் நம்பரக்காவின் வாய் முந்திக்கொண்டது. "மாநாடு ஒண்ணு நடக்குதும்மா. முந்நூறு பேர் வருவாங்க. அங்க சொல்றேன். என்னோட தப்பு, உங்க அப்பா மேல தப்பு இல்லன்னு சொல்றேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"வாய்ப்பந்தல் போடாதே."

"இல்லம்மா, நிச்சயமா."

"அப்ப நானும் வரேன். என் காதால கேக்கணும்."

இப்படியாக இரண்டு டிக்கெட் ஆயிற்று. மறுநாள் நம்பரக்கா மாநாட்டுச் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தலைப்பை மாற்ற முடியுமா என்று கேட்டாள். அந்த மனிதர் பதறிப்போனார். "நிரல் அச்சாயிடுச்சும்மா, திரையில போடறதுக்கும் ஏத்தியாச்சு. என்ன வேணும்னாலும் பேசுங்க, தலைப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும்!" ஆக, ஓர் எண்ணும் தவறவில்லை என்ற வரிக்குக் கீழேயே நின்றுகொண்டு தவறிய கதையைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது பழசை விட நல்ல பேச்சுடி" என்றார். அன்று இரவே புதுப் பேச்சின் ஒத்திகை தொடங்கியது. எட்டு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. சொல்ல வேண்டியது தெளிவாக இருந்தால் வாய் தடுக்குவதில்லை போலிருக்கிறது. போன உற்சாகமும் திரும்பி வந்தது, பாதி பயத்தோடு கலந்து.

ரயிலில் தையல்காரம்மா ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள். அரை மணிக்கு ஒருமுறை, "அங்க உள்ள விடுவாங்களா? நான் மியூசியத்து ஆள் இல்லையே" என்று கேட்டாள். விட்டார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கழுத்தில் மாட்டும் அட்டையை நீட்டி, "எந்த நிறுவனம்மா?" என்று கேட்டதற்கு, "மருந்துக்கடை" என்று கம்பீரமாகச் சொன்னாள். அந்தப் பெண்ணும் மறு பேச்சில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மாநாட்டு மண்டபத்துக்குள் காலை வைத்த நொடியில் நம்பரக்கா பயத்தை மறந்தாள். தேநீர் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் மண்டபத்தில் பாதிப் பேர் கோப்பையைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் யார் செய்தது என்று முத்திரை பார்த்தார்கள். பரிமாறுகிறவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அவளும் தன் கோப்பையைத் திருப்பினாள். இருபத்து மூன்று வருடமாக உறவினர் வீடுகளில் இதைச் செய்து திட்டு வாங்கியவள், இங்கே பக்கத்து நாற்காலிக்காரர் "உங்களுக்கு என்ன முத்திரை வந்திருக்கு?" என்று கேட்க, ஆனந்தத்தில் திக்குமுக்காடினாள். ஒருவர் திரைச்சீலையை விலக்கி வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தார். இன்னொருவர் சுவரை மோந்து பார்த்தார். "எல்லாம் உன்னை மாதிரியே இருக்குதுங்க" என்றாள் தையல்காரம்மா. நம்பரக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். முதல் நாளே பூச்சி நிபுணரின் எண்ணை வாங்கினாள், நாற்காலியைப் பற்றி ஒன்பது அருங்காட்சியகங்களில் விசாரித்துவிட்டாள். ஆறு இடத்தில் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் நாள் பதினொன்றரை. மேடையில் ஏறினாள். பின்னால் திரையில் ஆள் உயர எழுத்தில் அந்தத் தலைப்பு. அமர்வை நடத்திய அம்மா மேசையில் ஒரு சின்ன மணி வைத்திருந்தாள், எட்டு நிமிடத்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று. தையல்காரம்மா ஐந்தாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நம்பரக்கா தண்ணீர் குடித்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். "பின்னாடி இருக்கற தலைப்பை யாரும் நம்பாதீங்க."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஜாடிகளைக் கழுவிய இடத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. வெட்டுகளைச் சேதம் என்று எழுதியதைச் சொன்னபோது யாரோ நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பலகையில் எழுதியிருந்ததை அவள் வரி பிசகாமல் படித்துக் காட்டினாள். கேட்க வந்த மகளிடம் பதிவேட்டைக் காட்டி வாயை அடைத்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். "அவர் கஞ்சன் இல்லீங்க. ரொம்பக் கவனமான மனுஷன். கவனம் இல்லாம இருந்தது நான்" என்று முடித்தாள். அவளால் ஐந்தாம் வரிசையைப் பார்க்க முடியவில்லை.

"கேள்விகள் உண்டா?" என்றாள் மணிக்கார அம்மா.

முன்வரிசையில் நரைத்த தலை ஒன்று எழுந்தது. பழம்பொருள்களைச் சுத்தம் செய்வதில் பெயர் பெற்ற அம்மா, பொல்லாத கேள்விக்காரி என்று மெதுவா சார் எச்சரித்திருந்த ஆள். "கழுவறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருந்ததுன்னு குறிச்சு வச்சீங்களா?"

நம்பரக்கா நிமிர்ந்தாள். ஒரு வாரமாக மூடியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. "இல்லீங்க" என்றாள். "வெளிய ஒட்டியிருந்த காகிதமெல்லாம் முன்னாடியே உதிர்ந்து போயிருந்தது. அடியில ஏதோ தூள் இருந்தது. அழுக்குன்னு நினைச்சேன். கழுவிட்டேன். பதிவேட்டுல 'காலி'ன்னு எழுதிட்டேன்."

முந்நூறு வாயிலிருந்து ஒரே நேரத்தில் 'ச்சு' என்று சத்தம் வந்தது. மூடியையாவது மாற்றி வைக்கலாம். தண்ணீரோடு போனதை எங்கே போய் எடுப்பது? அவளுக்கு மேடையை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அதுக்கு எதுக்கு அவளைப் போட்டு உலுக்கறீங்க? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

எல்லாத் தலையும் திரும்பியது. தையல்காரம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்து எழுந்து நின்றிருந்தாள். யாரோ ஒலிவாங்கியை நீட்டினார்கள். அவள் அதை வாங்காமலே பேசினாள், அந்தக் குரலுக்கு அது தேவையாகவும் இல்லை.

"ஜாடியைக் குடுக்கும்போதும் யாரும் கேக்கல, பலகை எழுதும்போதும் யாரும் கேக்கல. இப்பத்தான் கேக்கறீங்க. சொல்றேன். ஒரு வெட்டு போட்டது படிகாரம். ரெண்டு வெட்டு கந்தகம். மூணு, வெங்காரம்." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். நாலாவது விரலில் கொஞ்சம் நின்றாள். "நாலு வெட்டு, மிட்டாய். கசப்பு மருந்து குடிச்சுட்டு அழற பிள்ளைங்களுக்கு. கேட்டாலும் குடுப்பாரு, கேக்காட்டாலும் குடுப்பாரு. காசு வாங்கினதே இல்ல."

பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. மணிக்கார அம்மா மணியை நகர்த்தி வைத்துவிட்டுக் கைப்பையில் பேனாவைத் துழாவினாள். மண்டபம் முழுக்கக் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. நம்பரக்கா மேடையிலிருந்து இறங்கினாள். நேராக ஐந்தாம் வரிசைக்குப் போய், அந்த அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, தன் பேச்சை எழுதி வைத்திருந்த தாளைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சாவது என்னம்மா?" என்று கேட்டாள்.